அய்யாவின் கோட்டும் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸும்

1

என் கேமராவுக்கு என் லென்ஸைத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையத்தை வைத்துத் திருகி, கேமராவை ஆன் செய்தால், ‘லென்ஸ் பொருத்தப்படவில்லை’ என்று திரையில் எழுத்து வரும். கண்ணாடியும் அலுமினியமும் கையில் கனத்துக்கொண்டிருக்கும்போதே இல்லை என்று சாதிக்கும். பிறகுதான் தெரிந்தது, அதன் பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு’ என்று ஓர் அனுமதி இருக்கிறது, அதை நாம்தான் கொடுக்க வேண்டும் என்று. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பதினாறு வருஷமாக அந்நிய நாட்டில் படிவம் நிரப்பிப் பழகியவன் என்பதால் பொறுமை கொஞ்சம் உண்டு.

நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், கெம்னிட்ஸ் என்கிற ஊரில். கார் உதிரிப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். இந்தத் தொழிலை நான் கற்றது கப்பலூரில், ஹைவே ஓரத்து சின்னக் கம்பெனி ஒன்றில். அங்கே எனக்கு வைத்த பெயர் ‘ரிஜெக்ட் ராசு’. இங்கே யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை. குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

லென்ஸ் கிடைத்தது பழைய சாமான் சந்தையில். ஞாயிறு காலைகளில் ஆற்றங்கரையில் மேசை போட்டு, வீட்டில் கிடந்ததையெல்லாம் விற்பார்கள். ஒரு வயதான அம்மா பீங்கான் தட்டுகளுக்கு நடுவே அதை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸ், என்னைவிட ஐந்து வயது மூத்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஆட்டமில்லை, சிக்கலில்லை, ஒரே சீராக நகர்ந்தது. புது லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு மோட்டாருக்குத் தகவல் போகும், அது பார்த்து நகர்த்தும். இதில் நம் விரல்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. கடைசல் வேலை தெரிந்தவனுக்கு அந்த இடத்திலேயே மனது போய்விடும், எனக்கும் போனது.

இதில் ஓர் ஆசையும் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்து எடுத்தால் எதிரில் இருக்கிற ஆள் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் பால் கலந்த மாதிரி குழைந்து வரும். அதுதான் ஆசை. ஆனால் அந்தத் தெளிவு நாலு விரற்கடை ஆழத்துக்குத்தான். கண்ணைப் பிடித்தால் காது கலங்கும், ஆள் அரை அடி முன்னால் வந்தால் மூஞ்சியே கலங்கும். என் மகள் கயலை வைத்துத்தான் பழகினேன். பதினாலு வயது. இரண்டு படத்துக்கு மேல் நிற்க மாட்டாள். “போனில் எடுத்தால் ஒரு நொடிதானே?” என்று ஜெர்மனில் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளிடம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

2

போன வருஷம் மாசியில் தனியாக ஊருக்குப் போனபோது லென்ஸையும் கொண்டுபோனேன். எங்கள் ஊர் பேரையூருக்கு மேற்கே. கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பேச்சு. அய்யாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. அவரைத் தனியாக நிறுத்தி அதுவரை யாருமே ஒரு நல்ல படம் எடுத்ததில்லை என்பது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

“அய்யா, ஒரு போட்டோ எடுக்கணும். இப்பிடியே இருங்க.”

“இரு, சட்டையப் போட்டுட்டு வாரேன்.”

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டார். பக்கத்தில் தரையில் அம்மா சுளகை மடியில் வைத்துக் குதிரைவாலியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேமராவைத் தூக்கியதும் அவள் எழுந்தாள். என் அம்மாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கல்யாண வீடுகளில்கூட வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

“நீங்க இருங்கம்மா, எந்திரிக்க வேணாம். அய்யாவத் தவிர ஒண்ணுமே தெரியாது, எல்லாம் கலங்கிப் போயிரும்,” என்றேன்.

“தெரியாதுல்ல?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

நான் வளையத்தைத் திருப்பினேன். தெளிவாக இருக்கிற விளிம்புகளில் கேமரா சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். ஆனால் மாசி மாத உச்சி வெயிலில் திரையும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, அய்யாவின் கண்ணில் சிவப்பு வந்ததா, சட்டைக் காலரில் வந்ததா என்று தடவிக்கொண்டிருந்தேன். செல்போனில் எடுக்க ஆகிற நேரம் வரைதான் அய்யாவால் மூச்சை அடக்க முடிந்தது. அதற்குள் எடுத்தாயிற்று என்று நினைத்து எழுந்து என்னை நோக்கி வந்துவிட்டார்.

“எடுத்துட்டியா? காட்டு.”

“இன்னும் இல்லய்யா. போயி உக்காருங்க.”

போய் உட்கார்ந்தார், மூச்சை அடக்கினார். நான் திருப்பினேன். மறுபடி எழுந்து வந்தார். இப்படியே ஒரு மணி நேரம். ஒரு கட்டத்தில் அவர் எழுந்து வரும்போதே நானும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன், எதிலாவது மாட்டாதா என்று.

“ஒரு போட்டோவுக்கு எம்புட்டு நேரம்டா?” என்றாள் அம்மா. “முத்து செல்லுல டப்பு டப்புன்னு எடுத்துருதான். இது என்ன, கெணறு வெட்டுற மாதிரி.”

முத்து என் அண்ணன். தல்லாகுளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர், குடியிருப்பும் மதுரையில்தான்.

மொத்தம் அறுபத்து மூன்று படங்கள். கேமராவின் சின்னத் திரையில் அய்யாவுக்குக் காட்டினேன். அந்த அளவில் எல்லாப் படமும் நல்ல படம்தான். “பரவால்ல, கண்ணு முழிச்சுருக்கேன்,” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

3

கெம்னிட்ஸுக்குத் திரும்பிவந்து பெரிய திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் படத்தில் காது தெளிவு, கண் கலங்கல். இரண்டாவதில் கட்டில் கயிறு முறுக்கு முறுக்காகத் தெரிகிறது, அய்யாவைக் காணோம். பாதிக்குமேல் அவர் எழுந்து வருகிற படங்கள், அவற்றில் அவர் வெறும் வெள்ளைப் புகை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு, பெற்ற தகப்பனை ஒரு படத்தில்கூட நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. கோப்புக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர் போட்டு மூடிவைத்தேன். அடுத்த வருஷம் காலை வெயிலில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை அய்யா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழவில்லை.

நான் தொழிற்சாலையில் இருந்தேன். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து, வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. யாரைக் கேட்டாலும் ஆகிற காரியம் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போனில் கேட்டது வேறு.

“டேய் தம்பி, அய்யா போட்டோ ஒண்ணு ஒடனே அனுப்பு. பிளக்ஸ் அடிக்கணும், பதினோரு மணிக்குள்ள குடுக்கணுமாம். நீதான் பெரிய கேமராவுல அம்புட்டு எடுத்தியே.”

கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு போனில் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அய்யாவின் மூஞ்சி ஒன்றிலாவது இருக்காதா என்று அறுபத்து மூன்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

“ஒண்ணும் சரியா வரலண்ணே,” என்றேன்.

“அறுபதுலயுமா?”

“ஆமாண்ணே.”

 “சரி விடு, நான் பாத்துக்கிறேன்,” என்று வைத்துவிட்டான். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகக் கடுமையான சொல் அதுதான். அவன் அதைக் கடுமையாகச் சொல்லவே இல்லை.

வீட்டில் அய்யா இருக்கிற படங்கள் இல்லாமல் இல்லை. எல்லாம் கல்யாண வீட்டுப் படங்கள், எல்லாவற்றிலும் பக்கத்தில் அம்மாவோ பேரன் பேத்தியோ இருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஆள் இருக்கிற படத்துக்கு மாலை போடக் கூடாது, எங்கள் பக்கம் அது பெரிய குற்றம். பக்கத்தில் நிற்கிற அம்மாவை அந்தக் காலை நேரத்தில் வெட்டி எடுக்க அண்ணனுக்குக் கை வரவில்லை. ஆதார் அட்டையைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறான். அவர்கள் தலையை மட்டும் எடுத்து, கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் தயாராக இருந்த ஒரு கோட்டைப் பொருத்திவிட்டார்கள்.

அடக்கத்தை நான் வாட்ஸ்ஆப்பில் பார்த்தேன். அண்ணன் மகன் பிடித்துக்கொண்டிருந்த போன் ஆடும்போதெல்லாம் பந்தல் ஓரத்து பிளக்ஸ் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி. கருநீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் பச்சைத் திரைச்சீலை. அதற்குமேல் அய்யாவின் தலை, ஆதாரில் எல்லாரும் முழிக்கிற முழியோடு. வாழ்நாளில் அவர் சட்டை போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அழுகையும் வந்தது, அந்த டையைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்புக்காக அப்புறம் ரொம்ப நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

4

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எல்லா அலுவலகங்களிலும் என்னை அழைப்பது அய்யாவின் பெயரைச் சொல்லித்தான். முதன்முதலில் படிவம் நிரப்பியபோது ‘குடும்பப் பெயர்’ என்று கேட்டார்கள், நமக்கு ஏது அது. அய்யா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் ‘ஹெர் கருப்பையா’, அதாவது திருவாளர் கருப்பையா. ஊரில் அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா இன்றுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னையோ அண்ணனையோ பார்ப்பாள், நாங்கள் சொல்ல வேண்டும்.

புதுப் பாஸ்போர்ட் வந்ததும், பழையதிலிருந்த தங்கும் அனுமதியைப் புதியதில் ஏற்ற அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஓர் இளம்பெண் கதவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்து, “ஹெர் கருப்பையா?” என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தப் பெயருக்கு எழுந்து போயிருக்கிறேன், அன்றைக்குக் கால் எழவில்லை. மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்தவர் என் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்து, “உங்களைத்தான்,” என்றார்.

5

இந்த ஐப்பசியில் முதல் வருஷத் திவசம். பள்ளி விடுமுறையும் கூடிவந்ததால் கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் அய்யா. நான் ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். கோட்டைக் காணோம். கிட்டப் போய்ப் பார்த்தால், சட்டத்தின் மேல் அய்யாவின் துண்டு ஒன்றை அம்மா குறுக்கே போட்டு ஊக்குக் குத்திவைத்திருந்தாள். துண்டுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறதாம். வாரம் ஒருமுறை துண்டைத் துவைத்துப் போடுவாளாம்.

“என்னம்மா இது?”

“பெறகு என்ன செய்ய? வெளக்குப் பொருத்தப் போனா எவனோ ஆபீசரு நிக்கான்,” என்றாள். “எங்கிட்டு இருந்தோ வந்த ஆளு முன்னாடி நான் எப்பிடிக் கும்புடுவேன்? ராசு, நீ படிச்சவன்ல, அந்தக் கோட்டக் கழட்டிரு. தெவசத்துக்குச் சனம் வரும். அவரு அவராட்டம் இருக்கணும்.”

அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, அனுப்புகிற சேலையைக்கூட வேண்டாம் என்பாள். பதினாறு வருஷத்தில் கேட்டது இது ஒன்றுதான். திவசத்துக்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் அண்ணன் மதுரையிலிருந்து பைக்கில் வந்தான். இரண்டு பேரும் பேரையூர் ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரருக்கு முப்பது வயது இருக்கும், நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சங்கடப்பட்டார்.

“அண்ணே, கோட்டக் கழட்டுனா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லண்ணே. ஆதார்ல அம்புட்டுத்தான் இருந்துச்சு. எல்லாரும் கோட்டுதான் கேப்பாக, மரியாதையா இருக்கும்னு போட்டுட்டேன்.”

“வெறும் வேட்டி, துண்டு எதுவும் இல்லையா?”

“வேட்டி டிசைன் வச்சுருக்கேன், ஆனா அது எல்லாம் கட்சிக்காரக கேக்குறது. கரை தெரியும்.”

என்னிடம் இருந்த கலங்கல் படங்களைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன், ஏதாவது செய்ய முடியுமா என்று. அவர் ஒன்றைத் திறந்து, “இதுக்கெல்லாம் இப்ப ஏஐ வந்துருச்சுண்ணே,” என்று உற்சாகமாக எதையோ அழுத்தினார். அரை நிமிஷத்தில் வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. மயிரிழைகூடத் தெளிவாக இருந்தது. வழித்த கன்னம், வரிசையான பல். யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “எந்திரிடா, போவோம்,” என்றான்.

வீட்டில் சொன்னோம். அம்மா, “கோட்டுப் பத்தாதுன்னு மூஞ்சியவும் மாத்துறானா,” என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். ஏமாந்துபோனாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. நான் முற்றத்தில் உட்கார்ந்து அந்தப் பாழாய்ப்போன லென்ஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

6

என் மடிக்கணினியைக் கயல்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்குப் பேச ஆளில்லை. சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் அவளுடையது. அவள் வாயைத் திறந்தால் தெருப்பிள்ளைகள் “ரேடியோ பேசுதுடோய்” என்று சிரிக்கிறார்கள். அதனால் வாயைத் திறப்பதில்லை. கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, நான் மூடாமல் விட்ட ‘ரிஜெக்ட்’ கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள், தமிழில். “இந்தப் படத்தை ஏன் கழித்துவிட்டீர்கள்?”

“தாத்தா கலங்கி இருக்காருல்லம்மா.”

“அப்பத்தா தெளிவாக இருக்கிறார்களே.”

எழுந்து போய்ப் பார்த்தேன். அய்யா எழுந்து என்னை நோக்கி வருகிற படங்களில் ஒன்று. அவர் கட்டிலில் இருந்தபோது நான் வைத்த ஃபோகஸ் கட்டிலிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் முன்னால் வந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அம்மா. கயல் விரலால் பெரிதாக்கினாள். சுளகில் இருந்த குதிரைவாலியை எண்ணலாம் போலிருந்தது. நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, கழுத்து மஞ்சள் கயிறு, எல்லாம் இம்மி பிசகாமல் தெளிவு. கல் பொறுக்குகிற கை பாதியில் நின்றிருக்கிறது. பத்தாவது தடவையாக எழுந்து போகிற அய்யாவின் முதுகைப் பார்த்து, வாயை மூடக்கூட மறந்து, அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்பத்தேழு வருஷம் அவள் பிள்ளையாக இருந்திருக்கிறேன். கலங்கிப் போகும் என்று நானே வாக்குக் கொடுத்து உட்காரவைத்தேன், தெரியாது என்ற தைரியத்தில் சிரித்திருக்கிறாள். நான் அய்யாவின் மூஞ்சியை மட்டுமே தேடித் தேடி ஒன்றரை வருஷத்துக்கு மேலாக இதைப் பார்க்கவே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். முதலில் முன்னால் இருந்த வெள்ளைக் கலங்கலைத்தான் பார்த்தாள்.

“இந்தா வாராருல்ல,” என்றாள்.

“மூஞ்சி தெரியலயேம்மா,” என்றேன்.

“ஒனக்குத் தெரியல. இந்தத் தோளு சாச்சுக்கிட்டு வாரது வேற யாரு? காட்டுல இருந்து வரையில நான் வாசல்ல இருந்து பாக்க இப்பிடித்தான் இருக்கும். எனக்கு எப்பம்டா கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு?”

பிறகு பின்னால் பார்த்தாள். கொஞ்ச நேரம் அது யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை. தெரிந்ததும் திரையில் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தாள். பொட்டில்லாத தன் நெற்றியை இன்னொரு கையால் தொட்டுக்கொண்டாள்.  கயல் அவள் முதுகில் கை வைத்தாள், அம்மா அதைத் தள்ளிவிடவில்லை.

“இதைப் பெருசாப் போட்டு மாட்டு,” என்றாள்.

அண்ணன் கேட்டதும் திடுக்கிட்டான். “அம்மா, வெளாடுறியா? நாளான்னைக்குத் தெவசம். உசுரோட இருக்கிற ஆளுக்கு மாலை போடச் சொல்றியா? ஊரே வாயில போட்டு மெல்லும்.” என்னைப் பார்த்து, “அம்மாவ மட்டும் வெட்டிற முடியாதாடா?” என்றான்.

“அம்மாவ வெட்டுனா தெளிவா ஒண்ணுமே இருக்காதுண்ணே,” என்றேன்.

“யாரும் என்னைய வெட்ட வேணாம்,” என்றாள் அம்மா. “சடங்குக்கு அந்தக் கோட்டுக்காரனையே வையிங்க. மாலையையும் அவனுக்கே போடுங்க, ஒரு வருசமா நின்ன மனுசன், வாங்கிக்கிட்டுப் போகட்டும். நான் சொல்றது என் வீட்டுச் செவுத்துக்கு.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான். மறுநாள் காலை அவனே போய்ப் பெரிதாகப் பிரதி போட்டுச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்தான். ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை, “போகஸ் அவுட்டுண்ணே, பரவால்லயா?” என்று கேட்டாராம்.

திவசத்தன்று பலகையில் கோட்டுப் போட்ட அய்யா, கழுத்து நிறைய மாலை. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் எதிர்ச் சுவரில் இருந்த புதுப் படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். சிலருக்கு அது என்ன படமென்றே புரியவில்லை. அய்யாவின் அக்காள், எண்பதைத் தாண்டிய என் அத்தை, பூச்சரத்தை எடுத்துக்கொண்டு மெல்ல அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றாள். தம்பியை அடையாளம் கண்டுவிட்டாள் போல. நான் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று யோசிப்பதற்குள் சரத்தோடு கையைத் தூக்கினாள்.

அம்மா பந்தியிலிருந்து சாம்பார் வாளியோடு வந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்தாள்.

“இதுக்குப் போடாதீக மதினி. இதுல நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்.”